இரட்டைக் கூரைப் பள்ளிக்கூடம்

பங்குனி மாதத்து மத்தியானம், மணி இரண்டு. தகரக் கூரை போட்ட ஒரு வகுப்பறை. ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உபாத்தியாயர் கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்றைப் போட்டு விளக்கிக் கொண்டிருக்கிறார். முதல் வரிசையில் ஒரு பையன் கொட்டாவி விடுகிறான். கொட்டாவிக்கு ஜாதி மத பேதம் கிடையாது. அது இரண்டாம் வரிசைக்குத் தாவி, மூன்றாம் வரிசையைப் பிடித்து, கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே இரண்டு பிள்ளைகள் நித்திராதேவியின் மடியில் சாய்ந்து விட்டார்கள். உபாத்தியாயருக்குக் கோபம் வருகிறது. வருஷ முடிவில், "பையனுக்குப் படிப்பில் சிரத்தை போதாது" என்று வீட்டுக்குக் கடிதமும் வருகிறது.

பையன் மேல் குற்றம் சாட்டுமுன், அவன் தலைக்கு மேலே இருக்கும் கூரையை நாம் என்றைக்காவது அண்ணாந்து பார்த்ததுண்டா? உபாத்தியாயர் யார், பாடப் புத்தகம் எது, பரீட்சையில் எத்தனை மார்க்கு என்றெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறோம். கட்டடத்தைப் பற்றிய விசாரணை மட்டும், அதற்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறதா என்பதோடு நின்று விடுகிறது.

அமெரிக்காவில் சில பொருளாதார நிபுணர்கள் ஒரு கோடி மாணவர்களின் பரீட்சை மார்க்குகளை எடுத்து, அவரவர் ஊரின் உஷ்ணக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, 2020-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். குளிர்சாதனம் இல்லாத பள்ளிக்கூடங்களில், வருஷத்தின் சராசரி உஷ்ணம் பாரன்ஹீட் கணக்கில் ஒரே ஒரு டிகிரி ஏறினால், அந்த வருஷம் பிள்ளை கற்கும் கல்வியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குறைந்து போகிறது என்று அவர்கள் கண்டார்கள். நூற்றில் ஒன்றுதானே என்று அலட்சியமாய்ச் சொல்லிவிடலாம். ஆனால் உஷ்ணம் ஒரு டிகிரியோடு நிற்பதில்லை. பள்ளி வாழ்க்கையும் ஒரு வருஷத்தோடு முடிவதில்லை. அந்த நஷ்டத்தில் பெரும் பங்கு ஏழைப் பிள்ளைகளின் தலையிலேயே விழுகிறது என்பதும் அதே ஆராய்ச்சியில் வெளியான விஷயம்.

இந்தக் கணக்குகள் எல்லாம் வெளிவருவதற்கு வெகு காலம் முன்பே, இதே உண்மையைத் தன் உடம்பால் தெரிந்து கொண்ட சிறுவன் ஒருவன் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தான். அவனைப் பற்றியும், அவன் பெரியவனாகிக் கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றியும் நேயர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

காண்டோ கிராமத்துப் பையன்

சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, கடற்கரையே இல்லாத நாடு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆண்ட காலத்தில் "மேல் வோல்ட்டா" என்று பெயர் வைத்திருந்தார்கள். வோல்ட்டா என்பது ஓர் ஆறு. 1960-ல் சுதந்திரம் வந்தது. பெயர் மட்டும் பழையபடியே இருந்தது. 1984-ல் தாமஸ் சங்காரா என்ற இளம் தலைவர் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, "புர்க்கினா பாஸோ" என்று சூட்டினார். நேர்மை தவறாத மாந்தரின் நாடு என்று அதற்கு அர்த்தம். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் உள்நாட்டுப் பருத்தியில் நெய்த துணியையே உடுத்த வேண்டுமென்று அவர் ஏற்பாடு செய்தார். கதர் என்றால் இன்னதென்று அறிந்த நமக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1987-ல் அவர் கொலையுண்டார்.

உடுப்பில் புகுந்த சுதேசியம் கட்டடத்தில் அவ்வளவு சுலபமாகப் புகவில்லை. சிமெண்டுக் கல்லால் நாலு சுவர், மேலே நெளி தகரம்: இதுதான் நாகரிகக் கட்டடம் என்ற எண்ணம் ஜனங்களின் மனத்தில் ஊறிப் போயிருந்தது. மண் என்றால் ஏழைகளின் குடிசை; ஒவ்வொரு மழைக்கும் கரையும்; ஒவ்வொரு வருஷமும் பூச வேண்டும்.

அந்த நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் 1965-ல் பிறந்தவர் டியேபேடோ பிரான்சிஸ் கேரே. கிராமத் தலைவரின் மூத்த மகன். ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே ஏழு வயதில் தாய் தகப்பனைப் பிரிந்து தெங்கொடோகோ என்ற பட்டணத்துக்குப் படிக்கப் போனார். அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை அவரே. அங்கே கிடைத்த வகுப்பறையோ, மேலே சொன்ன நாகரிகக் கட்டடம்! சிமெண்டுச் சுவர், வெளிச்சம் போதாது, காற்றோட்டம் இல்லை, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மனிதனின் உடம்பு, 100 வாட் மின்சார விளக்கு எவ்வளவு சூட்டை வெளியிடுமோ அவ்வளவு சூட்டை வெளியிடுகிறது. பிள்ளைகளுக்கு அதில் சற்றுக் குறைவு என்றே வைத்துக் கொள்ளுங்கள். நூறு விளக்குகளை ஓர் அறையில் ஏற்றி, ஜன்னலையும் அடைத்து, வெளியே 40 டிகிரி சென்டிகிரேட் வெயிலும் அடித்தால் எப்படியிருக்கும்? அந்த அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த சிறுவன், பெரியவனானால் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று சங்கற்பம் செய்து கொண்டான்.

விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், கிராமத்துப் பெண்மணிகள் அவரை வழியனுப்பும்போது முந்தானையில் முடிந்திருந்த கடைசிக் காசை அவிழ்த்துக் கையில் கொடுப்பார்களாம். எதற்காக எல்லாரும் கொடுக்கிறார்கள் என்று அவர் தம் தாயாரைக் கேட்டார். அவன் படித்து முன்னுக்கு வந்து, ஒரு நாள் திரும்பி வந்து ஊருக்கு ஒத்தாசை செய்வான் என்ற நம்பிக்கையால்தான் என்றாள் தாய்.

1985-ல் தச்சு வேலை பயில உபகாரச் சம்பளம் பெற்று கேரே ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் நகரில் பகலில் தச்சு வேலை. இரவில் பள்ளிப் படிப்பு. பத்து வருஷம் கழித்து, 1995-ல், அந்நகரின் தொழில்நுட்ப சர்வகலாசாலையில் கட்டடக் கலை படிக்க இடமும் உபகாரச் சம்பளமும் கிடைத்தன. சாதாரணமாக இந்தக் கட்டத்தில் கதை எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரியும். பையன் சீமையிலேயே ஒரு வேலை தேடிக் கொண்டு, ஊருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கடிதம் எழுதுவான். கேரே அப்படிச் செய்யவில்லை. 1998-ல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, காண்டோவில் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக ஒரு சங்கம் அமைத்தார். காப்பிக்கும் சிகரெட்டுக்கும் செலவழிப்பதைச் சற்றுக் குறைத்து அந்தக் காசை இங்கே கொடுங்கள் என்று கூடப் படித்தவர்களிடம் கேட்டார். இரண்டு வருஷத்தில் 50,000 டாலர் சேர்ந்தது.

மண்ணா!

பணத்தோடு ஊருக்கு வந்து, மண்ணால் பள்ளிக்கூடம் கட்டப் போகிறேன் என்று அவர் சொன்னதும், கிராமத்தாருக்கு முகம் வாடிவிட்டது. மண் கட்டடம் ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது என்பது அவர்கள் கண்ணாரக் கண்ட விஷயம். ஜெர்மனி வரை போய்ப் படித்தவன், தங்களுக்குத் தெரிந்த அதே மண்ணைக் கொண்டு வந்து நீட்டினால் யாருக்குத்தான் ஏமாற்றமாக இராது? சிமெண்டுக் கட்டடம் கட்டித் தந்திருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் தெங்கொடோகோவில் கேரே வெந்தது போலவே வெந்திருப்பார்கள்.

அவர் உபயோகித்த மண் சும்மா பிசைந்து வைத்த மண் அல்ல. களிமண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து, யந்திரத்தில் அழுத்திக் கெட்டியாக்கிய கல். சூளையில் சுடுவதில்லை, ஆகவே விறகுச் செலவு இல்லை, மரங்களுக்கும் சேதமில்லை. அஸ்திவாரத்துக்குப் பிள்ளைகள் கல் பொறுக்கி வந்தார்கள். கல் அறுக்கும் வேலைக்குப் பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். அங்கே தரை போடும் விதத்தைக் கேட்டால் நம் பாட்டிமார்கள் சந்தோஷப்படுவார்கள். இளைஞர்கள் வரிசையாக நின்று திமிசு போட்டு இடிக்கிறார்கள், மணிக்கணக்காக. பிறகு தாய்மார்கள் வந்து தண்ணீர் தெளித்துத் தட்டுகிறார்கள், அதுவும் மணிக்கணக்காக. கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். குழந்தையின் உடம்பு போல் வழவழவென்று ஆகிவிடுகிறது!

2001-ல் கட்டடம் முடிந்தது. ஒரே வரிசையில் மூன்று வகுப்பறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே, கூரை மட்டும் போட்டுத் திறந்துவிட்ட தாழ்வாரம். அதில் விளையாடலாம், வேண்டுமானால் அங்கேயே பாடமும் நடத்தலாம். பார்வைக்கு அவ்வளவுதான். சூட்சுமம் எல்லாம் தலைக்கு மேலே இருக்கிறது.

தகரக் கூரையின் கீழ் உட்காருவதில் உள்ள தொல்லை, காற்றின் சூடு மட்டுமல்ல. வெயிலில் காய்ந்த தகரம் அடுப்பு மாதிரி கீழ்நோக்கி அனலை வீசுகிறது. அந்த அனல் காற்றைத் தாண்டி நேராகத் தலையில் வந்து விழும். ஆகையால் வெப்பமானியில் 34 டிகிரி என்று காட்டினாலும் உடம்புக்கு 38 போல் இருக்கும். உடம்பின் சௌகரியத்தைத் தீர்மானிப்பவை ஆறு என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். காற்றின் சூடு, சுற்றியுள்ள சுவர் கூரைகளின் அனல், காற்றின் ஈரம், அதன் வேகம், உடுத்திய உடை, செய்யும் வேலை ஆகியவையே அவை. வெப்பமானி இவற்றில் முதலாவதை மட்டுமே சொல்லும். கட்டடத்தின் சௌகரியத்தை வெப்பமானியை மட்டும் நம்பி மதிப்பிடுகிறவர், சாப்பாட்டின் ருசியை உப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவரைப் போன்றவர்.

கேரே என்ன செய்தார்? சுவர்களின் மேல் குறுக்கே கான்கிரீட் உத்தரங்களைப் போட்டு, அவற்றின் மேல் இரும்புக் கம்பிகளைப் பரப்பி, அதே மண் கல்லால் ஒரு மச்சு அமைத்தார். கற்களுக்கு நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டார். தகரத்தை அதன் மேல் படிய வைக்காமல், கம்பிகளாலான சட்டங்களின் மேல் உயரத் தூக்கி நிறுத்தினார். மச்சுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு காகம் தாராளமாகப் பறந்து போகலாம். இப்போது வெயில் தகரத்தைக் காய்ச்சுகிறது. காய்ச்சட்டுமே! அந்த அனலைத் தாங்கிக் கொள்ளக் கீழே கனத்த மண் மச்சு இருக்கிறது. பிள்ளைகளின் தலைக்கு அது வந்து சேருவதில்லை. தகரத்தை ஒட்டிய காற்று சூடேறி மேலெழுந்து வெளியே ஓடுகிறது. ஓடும்போது வகுப்பறைக்குள் இருக்கும் வெக்கைக் காற்றையும் மச்சின் இடைவெளிகள் வழியாக இழுத்துக் கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப, நிழலில் இருக்கும் ஜன்னல்களின் சாய்ந்த பட்டிகளின் வழியே புதுக் காற்று உள்ளே வருகிறது. அதாவது, பிள்ளைகளை வாட்ட வந்த வெயிலையே அவர்களுக்கு விசிறி வீசும்படி வேலைக்கு அமர்த்திவிட்டார்! கட்டிய காலத்தில் ஊரில் மின்சாரம் இல்லை. இந்த விசிறிக்கு மின்சாரம் தேவையும் இல்லை.

கூரையின் இறவாணம் சுவர்களுக்கு வெகுதூரம் வெளியே நீண்டிருக்கிறது. அதனால் மண் சுவரில் மழையும் படாது, வெயிலும் விழாது. கிராமத்தார் பயந்த மழைக்கு இதுவே பதில். பாரந்தூக்கி யந்திரமும், பெரிய இரும்புச் சட்டங்களை ஏற்றிவரும் வண்டியும் அந்த ஊருக்கு வர வழியில்லை. எனவே கட்டட வேலைக்கு எங்கும் கிடைக்கும் சாதாரணக் கம்பிகளையே வாங்கி, ஊர் இளைஞர்களுக்குக் கை ரம்பத்தால் அறுக்கவும் சிறு யந்திரத்தால் பற்றவைக்கவும் கற்றுக் கொடுத்து, கூரைச் சட்டங்களை அங்கேயே செய்தார்கள்.

காற்றின் கணக்கு

சூடு குறைந்தால் மட்டும் போதாது. மூச்சுக் காற்றும் சுத்தமாயிருக்க வேண்டும். மியூனிக் நகரத்து விஞ்ஞானி பெட்டன்கோபர் 1858-லேயே இதற்கு ஓர் எல்லை சொன்னார். அறைக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கரியமிலவாயு இருந்தால், அது பலர் மூச்சு விட்டுக் கெட்டுப் போன காற்று என்று அறிந்து கொள்ளலாம் என்றார். அந்த எண்ணை இன்றைக்கும் உலகம் விடவில்லை. வகுப்பறைச் சுவரில் மாட்டும் சிறு கருவிகள் அதே எல்லையைத்தான் காட்டுகின்றன.

கேரே படித்த சர்வகலாசாலை இருக்கும் சார்லாட்டன்பர்க்கில், 1904-ல் காட்டுக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். நோஞ்சான் பிள்ளைகளைப் பைன் மரங்களுக்கு நடுவே உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே சாந்திநிகேதனத்தில் கவி ரவீந்திரர் மரத்தடியில் வகுப்பை ஆரம்பித்துவிட்டார் என்பதை நாம் கொஞ்சம் கர்வத்துடனேயே குறிப்பிடுகிறோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அடுத்த முப்பது வருஷங்களுக்குத் திறந்தவெளிப் பள்ளிகள் பல தோன்றின.

பிறகு காற்று திசை மாறிற்று. 1973-ல் எண்ணெய் விலை ஒரேயடியாய் ஏறியதும், குளிர் தேசங்களில் எரிபொருளைச் சிக்கனம் பண்ணுவதற்காகக் கட்டடங்களின் சந்து பொந்துகளை எல்லாம் அடைத்தார்கள். சூடு வெளியே போகவில்லை. கெட்ட காற்றும் வெளியே போகவில்லை. தலைவலி, கண்ணெரிச்சல் என்று உள்ளே இருந்தவர்கள் முறையிட்டார்கள். 2020-ல் கொரோனா நோய் வந்தபோது ஜெர்மனியின் பள்ளிக்கூடங்களில், குளிர்காலம் என்றும் பாராமல் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் குல்லாயும் மேலங்கியும் போட்டுக் கொண்டு கணக்குப் போட்டார்கள்.

இக்காலத்தில் "பசுமைக் கட்டடம்" என்று ஒரு பட்டம் வழங்குகிறார்கள். மின்சாரம் எத்தனை மிச்சம், தண்ணீர் எத்தனை மிச்சம் என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கூரை மேல் சூரிய மின்தகடுகள் பளபளக்க, கூரைக்குக் கீழே பிள்ளைகள் வியர்த்து வழிந்தால் அந்தப் பட்டத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வது? கட்டடத்தைப் பசுமை என்று அழைக்கலாமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டிய இடம் கடைசி பெஞ்சு என்பது நமது அபிப்பிராயம்.

காண்டோ பள்ளிக்கூடத்தில் குறையே இல்லையா? இல்லாமல் என்ன? காற்று நுழையும் வழியில் தூசியும் நுழையும். மார்கழி, தை மாதங்களில் சஹாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியை வாரிக் கொண்டு அந்தப் பிரதேசம் முழுவதும் வீசுகிறது. திறந்த ஜன்னல் அதனிடம் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை. சத்தமும் அப்படித்தான். காற்றுக்கு வழிவிட்ட மச்சு ஓசையைத் தடுக்காது. கிராமத்தில் இது பெரிய தொல்லையல்ல. மோட்டார்கள் ஓயாமல் ஊதிக் கொண்டு போகும் நகர வீதியோரத்தில் இதே பள்ளிக்கூடத்தைக் கட்டினால், பிள்ளைகளின் உடம்பு குளிர்ந்திருக்கும். உபாத்தியாயரின் தொண்டை வற்றிப் போகும். ஆகவே காண்டோவின் வரைபடத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்து இன்னோர் ஊரில் நடுவது பிரயோஜனப்படாது. கேரேயே இரண்டாவது கட்டடத்தை முதலாவது போலக் கட்டவில்லை.

இரண்டாவது கட்டடம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்கிறீர்களா? சுமார் 120 பிள்ளைகளோடு ஆரம்பித்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை. பிற்பாடு அது 700 வரை போயிற்று. 2004-ல், உபாத்தியாயர்கள் ஊரோடு தங்கும்படி மண்ணாலேயே வீடுகள் எழுந்தன. அதே வருஷத்தில்தான் கேரே சர்வகலாசாலைப் பட்டம் பெற்றார். அதே வருஷத்தில்தான் காண்டோ பள்ளிக்கூடத்துக்கு ஆகா கான் கட்டடக் கலைப் பரிசும் கிடைத்தது. பரிசுக்குரிய கட்டடத்தைக் கட்டிவிட்டுப் பட்டம் வாங்கப் போன மாணாக்கர் உலகத்தில் வேறு எத்தனை பேர் இருப்பார்கள்! 2008-ல் பள்ளிக்கூடத்தின் விஸ்தரிப்பு முடிந்தது. 2022-ல் கட்டடக் கலை உலகின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஆப்பிரிக்கர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த நூல் நிலையத்தின் மச்சுக்கு அவர் கையாண்ட யுக்தியை மட்டும் சொல்லி முடித்து விடுகிறோம். கிராமத்துப் பெண்கள் வனைந்த மண் பானைகளைக் கேட்டு வாங்கினார். பானையின் வாயையும் அடியையும் அறுத்து, வளையம் போலாக்கி, மச்சுப் போடும்போது வரிசையாகப் பதித்து, சுற்றிலும் கான்கிரீட்டைக் கொட்டினார். பானை இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமான துவாரம். அவற்றின் வழியாக வெக்கை மேலே போகிறது; வெளிச்சம் கீழே இறங்குகிறது. தங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் அதே பானை தலைக்கு மேலே இருந்து புத்தகத்துக்கு வெளிச்சம் காட்டுவதை, அந்த ஊர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கலாம்.